கதையுலகின் வழிநடைக் கணக்கு

கற்பனைக் கதைக்கு நிலப்படம் எதற்கு என்று கேட்போர் உண்டு. இல்லாத நாட்டில் ஆறு எந்தப் பக்கம் ஓடினால் என்ன, மலை எத்தனை காதம் நீண்டால் என்ன, எழுதுவோன் நினைத்தபடி எழுதிவிட்டுப் போகலாமே என்பது அவர்தம் வாதம். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும் இவ்வாதத்துக்குத் தக்க மறுமொழியாக ஆங்கிலத்தில் ஒரு பெருங்கதை நிற்கிறது. ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியராயிருந்த ஜே. ஆர். ஆர். டோல்கீன் இயற்றி, 1954, 1955 ஆம் ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளிவந்த 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்பதே அது.

கதையைப் படியாதவர்க்கு இவ்வளவு சொன்னால் போதும். 'மிடில் எர்த்' என்னும் நடுவுலகில், ஷயர் என்ற நாட்டுப்புறத்தில், ஹாபிட்டுகள் எனப்படும் குட்டையான மாந்தர் வாழ்கின்றனர். அவர்களுள் ஒருவனான பிரோடோவின் கையில் தீய மோதிரம் ஒன்று வந்து சேர்கிறது. அதனை அழிக்க வேண்டுமாயின் பகைவன் நாடாகிய மோர்டோரின் எரிமலைக்குள் எறிதல் வேண்டும், வேறு வழியில்லை. அங்குப் போய்ச் சேரப் பறக்கும் தேரோ மந்திரப் பாதக்குறடோ அவனுக்குக் கிடைக்கவில்லை. ஆற்றில் சிறிது தொலைவு படகில் போனது நீங்கலாக, ஏறக்குறைய முழுவதும் நடந்தே போகிறான். செப்டம்பர் 23 ஆம் நாள் வீட்டை விட்டுப் புறப்பட்டவன் மறு ஆண்டு மார்ச் 25 ஆம் நாள் எரிமலையில் நிற்கிறான்.

ஆகவே இஃது ஒரு வழிநடைக் கதை. வழிநடையில் பொய் சொல்லுதல் எளிதன்று. மந்திரத்தை அளந்து பார்க்க வாசகனிடம் கோல் இல்லை. ஆனால் ஒரு பகலில் கால்கள் எவ்வளவு தொலைவு தாங்கும் என்பதை அறியாத வாசகன் இல்லை. கோவலனும் கண்ணகியும் நாளொன்றுக்கு ஒரு காவதத்துக்கு மேல் நடக்கவில்லை என்று இளங்கோவடிகள் அளவு குறித்ததைத் தமிழாசிரியர்கள் அறிவார்கள். அந்த ஒரு சிறு கணக்கே அந்த வழியை மெய்யாக்கிவிடுகிறது.

டோல்கீன் இதனை நன்கு உணர்ந்திருந்தார். படத்தை முன்னே வைத்துக்கொண்டு கதையை அதற்குப் பொருந்தச் செய்ததே அறிவுடைமை என்றும், கதையை முடித்தபின் படம் வரையப் புகுந்தால் குழப்பமே மிஞ்சும் என்றும் 1954 ஏப்ரலில் எழுத்தாளர் நவோமி மிச்சிசனுக்கு எழுதிய கடிதத்தில் கூறினார். அவர் மேசைமேல் கிடந்த முதற்படம் நாம் நூலில் காணும் அழகிய படமன்று. பல தாள்களை ஒன்றோடொன்று ஒட்டி, கதை மாறிய இடங்களில் புதுத்தாளைப் பழைய தாளின்மேல் ஒட்டி, அடித்தும் திருத்தியும் பயன்படுத்திய வேலைக்காரப் படம் அது. தாள் முழுவதையும் இரண்டு சென்டிமீட்டர் சதுரங்களாகக் கோடிட்டு, ஒரு சதுரத்தின் பக்கத்துக்கு 100 மைல் என்று வகுத்துக்கொண்டார்.

இந்தச் சதுரங்களால் விளைந்த பயன் என்ன? பிரோடோ தன் ஊரிலிருந்து ரிவெண்டெல் என்னும் புகலிடம் வரை சென்ற வழி ஏறக்குறைய 460 மைல். அதற்கு அவன் 27 நாள் எடுத்துக்கொண்டான். இடையில் தங்கிய நாள்களையும் சேர்த்தே வகுத்தால் நாளுக்குப் பதினேழு மைல் வருகிறது. குட்டைக் கால்களுக்கு, அதிலும் இறுதி இரண்டு வாரம் காயம்பட்டவனோடு போகும் கூட்டத்துக்கு, இது கடுமையான நடை. ஆயினும் நம்பத்தக்க நடை. பின்னொரு பகுதியில், சிறைப்பட்ட தோழர்களைத் தேடி அரகோர்ன் முதலிய மூவர் ஓடுகிறார்கள். நான்காம் நாள் முடியுமுன் அவர்கள் கடந்தது 45 லீக். லீக் ஒன்றுக்கு மூன்று மைலாக 135 மைல். அதைக் கேட்டுக் குதிரைவீரர் தலைவன் ஏயோமர் வியப்படைகிறான். அந்த வியப்பு வாசகனுக்கும் தொற்றிக்கொள்வது ஏன்? அந்தப் பதினேழு மைல் நடையின் களைப்பு முன்பே அவன் மனத்தில் தங்கியிருப்பதனால்தான். அளவு தெரியாத உலகில் வீரச்செயலும் அளவற்றுப் போய் வெறும் வாய்ச்சொல்லாகிவிடும்.

தொலைவுக்குச் சதுரம் போலக் காலத்துக்கு நிலா உதவியது. கதையின் நடுவில் கூட்டம் கலைந்து பல பிரிவுகளாகப் பல திசைகளில் செல்கிறது. ஒரே இரவில் ஒருவன் போர்க்களத்தில் நிற்க, மற்றொருவன் நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் சதுப்பு நிலத்தில் தவழ்கிறான். இருவரும் பார்ப்பது ஒரே நிலா. ஆதலால் ஒருவனுக்கு முழுமதியும் மற்றவனுக்குப் பிறையுமாக இருத்தல் இயலாது. 1944 மே மாதத்தில் டோல்கீனுக்கு இச்சிக்கல் நேர்ந்தது. நிலா ஓரிடத்தில் எழும் வேளையில் வேறோரிடத்தில் மறைந்துகொண்டிருந்ததாம்! அதைச் சரிசெய்யப் பழைய அதிகாரங்களில் சில பகுதிகளைத் திருத்தி ஒரு பிற்பகல் முழுதும் கழித்ததை, விமானப் படைப் பயிற்சிக்காகத் தென்னாப்பிரிக்காவிலிருந்த மகன் கிறிஸ்தபருக்கு எழுதினார். நாள்தோறும் யார் எங்கே என்று பத்தி பத்தியாகக் காட்டும் பட்டியல்களையும் தயாரித்தார். நிலாவின் வளர்தலும் தேய்தலும் 1942 ஆம் ஆண்டு வானத்தை ஒட்டி அமைக்கப்பட்டவை.

இவ்வளவு செய்தும் படம் அவரைச் சும்மா விடவில்லை. 1953 இல் அச்சுக்குக் கொடுக்க வேண்டிய படங்களைத் தம்மால் முடிக்க இயலாமல் பதைத்தார்; அவற்றை வரைந்து கொடுத்தவர் கிறிஸ்தபரே. மூன்றாம் பகுதிக்குப் பொதுப்படம் போதாது, மோர்டோரையும் அதன் அண்டை நாடுகளையும் பெரிய அளவில் காட்டியாக வேண்டும் என்று தெரிந்தபோது நிலைமை இன்னும் மோசமாயிற்று. தொலைவுகளை இன்னும் கருத்தாகக் கவனித்திருக்க வேண்டும், பெரிய படம் கவசத்தின் விரிசல்களை எல்லாம் காட்டிக்கொடுத்துவிடுகிறது என்ற கருத்தில் 1955 ஏப்ரலில் பதிப்பகத்தாருக்கு எழுதினார். மிச்சிசனுக்குப் பெருமிதத்தோடு எழுதி ஓராண்டுகூட ஆகாத வேளை அது. பல நாள் உழைத்து, அவற்றுள் கடைசி மூன்று நாளை ஊணும் உறக்கமும் ஏறக்குறைய இன்றிக் கழித்து, அளவு மாற்றிப் படத்தை வரைந்தார். அதைக் கிறிஸ்தபர் ஒரு காலை ஆறு மணிக்குக் கையிலெடுத்து மறுநாள் காலை ஆறு மணி வரை படுக்கைக்குப் போகாமல் திருத்தி வரைந்து முடித்தார். அந்த ஆண்டு அக்டோபரில் நூல் வெளிவந்தது.

1969 இல் ஓவியர் பாலின் பெய்ன்ஸ் சுவரில் மாட்டத்தக்க வண்ணப்படம் ஒன்றை வரைய முற்பட்டபோது, டோல்கீன் ஓர் அச்சுப்படத்தின்மேல் பச்சை மையாலும் கரிக்கோலாலும் குறிப்புகள் எழுதி உதவினார். பெய்ன்சின் நூலொன்றுக்குள் கிடந்த அத்தாள் 2015 இல் வெளிப்பட்டது. மறு ஆண்டு ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகம் அதனை வாங்கியது. ஹாபிட்டுகளின் ஊர் ஆக்ஸ்போர்டின் நிலநேர்க்கோட்டில் இருப்பதாகவும், தெற்கேயுள்ள மினாஸ் திரித் நகரம் இத்தாலியின் ரவென்னாவுக்கு நேராக இருப்பதாகவும் அதில் கண்டிருக்கிறது. எந்த ஊரில் எந்த மரம் வளரும், எந்த மாதம் பனி விழும் என்பதை ஓவியர் அறிய இக்குறிப்பு ஒன்றே போதுமானது.

ஆசிரியர் 1973 இல் மறைந்தபின் மற்றவர்கள் அளவுகோலை எடுத்தார்கள். 1981 இல் ஒரே ஆண்டில் இரு நூல்கள் வந்தன. பார்பரா ஸ்ட்ரேச்சி என்பவர் பிரோடோவின் பயணத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஏறக்குறைய ஐம்பது படங்களில் காட்டினார். அமெரிக்காவைச் சேர்ந்த காரன் வின் பான்ஸ்டாட் புவியியலில் பட்டம் பெற்றவர், படம் வரைதலைத் தொழிலாகக் கற்றவர். அவருடைய நூல் மலைக்கும் சதுப்புக்கும் நிலவியற் காரணம் தேடுகிறது. பாதையை நாள்வாரியாக அளக்கிறது. பிரோடோவின் ஊரிலிருந்து எரிமலை வரை 1,780 மைல் அளவில் வருகிறது என்பது அவர் கணக்கு. பான்ஸ்டாட் பின்னர் வேறு கதையாசிரியர்களின் உலகங்களையும் அளந்து படமாக்கினார். ஆயினும் சொற்களை மட்டும் கொண்டு ஒரு நிலத்தை மீண்டும் கட்டியெழுப்ப இந்தக் கதை இடந்தந்ததுபோல் வேறொன்று தந்திருக்குமா என்பது ஐயமே.

அளக்கப் புகுந்தவர்களுக்குக் குறைகளும் அகப்பட்டன. எல்லாவற்றிலும் பெரியது ஒரு பூதக் குறை. டோல்கீன் 1937 இல் வெளியிட்ட 'தி ஹாபிட்' என்னும் சிறுவர் கதையில், குள்ளர்கள் மாலையில் ஓர் ஆற்றருகே தங்குகிறார்கள். சற்றுத் தொலைவில் பூதங்கள் மூட்டிய தீ அன்றிரவே கண்ணில் படுகிறது. அப்பூதங்கள் விடியற்காலையில் கல்லாகிவிடுகின்றன. பிந்திய பெருங்கதையில் பிரோடோவின் கூட்டம் ஆற்றுப்பாலத்தை அக்டோபர் 13 இல் கடந்து, அதே கற்பூதங்களை அக்டோபர் 18 இல்தான் காண்கிறது. சாலையை விட்டு விலகிக் குன்றுகளிடையே காயம்பட்டவனைச் சுமந்து திரிந்தது உண்மையே. எனினும் ஓரிரவில் கண்ணுக்கெட்டிய தீ, ஐந்து நாள் வழிக்கு அப்பால் போனதற்கு அது முழுச் சமாதானமாகாது. முதற்கதை படத்துக்குக் கட்டுப்படாமல் எழுந்தது என்பதே உண்மைக் காரணம்.

1960 இல் டோல்கீன் இந்தப் பழைய கதையையே மைலும் நாளும் நிலாவும் பொருந்துமாறு புதிதாக எழுதத் தொடங்கினார். சில அதிகாரங்கள் வரை சென்றது அம்முயற்சி. கணக்கு நேரானது, ஆனால் அடுப்பங்கரையில் சிறுவர்க்குச் சொல்லும் கதையின் குரல் அதில் கேட்கவில்லை. படித்துப் பார்த்த நண்பர் ஒருவர், நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இது 'ஹாபிட்' அன்று என்று சொன்னதாகக் கூறுவர். எழுத்தை அவர் அத்தோடு நிறுத்திவிட்டார். அப்பகுதிகள் 2007 இல்தான் அச்சேறின. இன்றும் சிறுவர் கையிலுள்ள பதிப்பில் அந்தத் தீ ஆற்றுக்குப் பக்கத்திலேயே எரிகிறது.