குழாய்த்தோலும் நீல இருக்கைகளும்

முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் உடல் மண்ணுக்குள் மறைந்திருக்கத் தலை மட்டும் குண்டுகளுக்கு இலக்கானதால், முகம் சிதைந்தும் உயிர் பிழைத்த வீரர்கள் பெருகினர். அவர்களுக்கென்றே இங்கிலாந்தின் சிட்கப் நகரில் 1917-இல் குயின்ஸ் மருத்துவமனை திறக்கப்பட்டது. நியூசிலாந்தில் பிறந்த ஹெரால்ட் கில்லிஸ் அங்கே மேற்கொண்ட முகச் சீரமைப்பு, அதாவது இழந்த மூக்கையும் உதட்டையும் தாடையையும் நோயாளியின் சொந்தத் தோலாலும் எலும்பாலும் மீண்டும் உருவாக்கும் அறுவை, ஒரே நாளில் முடியக்கூடியதன்று.

மார்பிலிருந்து முற்றிலும் துண்டிக்காமல் உரித்தெடுத்த தோற்பட்டையின் ஓரங்களை உட்புறமாக மடித்துக் குழாயாகத் தைத்தால், இரத்த ஓட்டம் நிலைப்பதோடு, நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இல்லாத அக்காலத்தில் கிருமித்தொற்றும் குறையும் என்று அவர் கண்டார். குழாயின் ஒரு முனையை முகத்தில் பொருத்தி, அங்கே புதிய இரத்த நாளங்கள் ஊடுருவும் வரை சில வாரங்கள் பொறுத்திருந்த பின்னரே மார்போடு உள்ள இணைப்பை அறுக்க இயலும். அவசரப்பட்டால் தோல் கறுத்து அழிந்துவிடும். எனவே கட்டங்களுக்கு இடைப்பட்ட காத்திருப்பே சிகிச்சையின் பெரும்பகுதியாயிற்று. 5,000-க்கு மேற்பட்டோருக்கு 11,000-க்கு மேற்பட்ட அறுவைகள் அம்மருத்துவமனையில் நடந்தன என்ற கணக்கே, பலருக்கு ஓர் அறுவை போதவில்லை என்பதற்குச் சான்று.

அந்தக் காத்திருப்புக் காலத்தில் நோயறைகளிலிருந்து கண்ணாடிகள் விலக்கப்பட்டன; எதிரே நிற்பவரின் பார்வை கண்ணாடியாவதை மட்டும் யாராலும் தடுக்க முடியவில்லை. மருத்துவமனையிலிருந்து நகருக்குச் செல்லும் சாலையோர இருக்கைகள் சிலவற்றுக்கு நீல வண்ணம் பூசி, முகக்காயமுற்றோர் அவற்றில் அமர்ந்திருக்கலாம் என்று ஊராருக்கு முன்கூட்டியே உணர்த்தினர். இந்த ஏற்பாடு இரக்கம் காட்டியது வீரர்களுக்கா, அவர்களைக் காண அஞ்சியவர்களுக்கா என்பது ஐயத்துக்குரியது.