சூட்டில் விரியும் வெடிப்பு

"மாமா, பிளக் நாலும் மாத்தியாச்சு. ஏர் ஃபில்டர் மாத்தியாச்சு. போன வாரம் பெட்ரோல் பம்பும் மாத்தியாச்சு. மிஸ்ஸிங் மட்டும் போகலை."

சித்திரை வெயிலில் அக்கா மகன் இப்படிச் சொல்லிக்கொண்டேதான் கோவில்பட்டி பைபாஸ் டீக்கடையில் வந்து உட்கார்ந்தான். பத்து வருஷத்துப் பெட்ரோல் கார், நாலு சிலிண்டர். ஒரே பட்டறைக்கு மூன்று தடவை போய் வந்திருக்கிறது. எதையெதை மாற்றினார்கள் என்பதை வரிசையாகச் சொன்னான். எப்போது மிஸ் ஆகிறது என்று கேட்டேன். அவனுக்கு உடனே சொல்லத் தெரியவில்லை. பட்டறையிலும் அதை யாரும் கேட்கவில்லையாம். எனக்கு வருத்தமாக இருந்தது. அந்தக் கேள்வியில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது.

டீ வரும்வரை அடிப்படையைச் சொன்னேன். எங்கள் ஊர்க்காரனுக்குத் தீயைப் பற்றிச் சொல்வது சுலபம். தீப்பெட்டி ஆபீஸைப் பார்க்காமல் இங்கே யாரும் வளர்ந்ததில்லை. குச்சியில் மருந்து சரியாக இருக்க வேண்டும், பெட்டியில் உரசும் பட்டை தேயாமல் இருக்க வேண்டும், இரண்டிலும் ஈரம் ஏறியிருக்கக் கூடாது. மூன்றில் ஒன்று தவறினாலும் குச்சி பற்றாது. சிலிண்டருக்குள்ளும் மூன்று கூட வேண்டும்: அளவான பெட்ரோலும் காற்றும், அந்தக் கலவையைச் சுமார் பத்தில் ஒரு பங்காக நெருக்கும் கம்ப்ரஷன், சரியான நொடியில் விழும் பொறி. தன் முறை வந்தும் ஒரு சிலிண்டர் பற்றாமல் போவதுதான் மிஸ்ஸிங். நாலு பேர் தூக்கும் சப்பரத்தில் ஒருவர் அவ்வப்போது தோளை விலக்கிக்கொண்டால் எப்படிக் குலுங்குமோ, அப்படித்தான் வண்டி உதறும்.

அந்த முறை எத்தனை வேகமாக வருகிறது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். இன்ஜின் நிமிஷத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது நாலு சிலிண்டரும் சேர்ந்து வினாடிக்கு 100 தடவை பற்றுகின்றன. ஐம்பது குச்சிப் பெட்டி என்றால் வினாடிக்கு இரண்டு பெட்டி. அதில் ஒரு குச்சி நமத்துப் போனதை வண்டியின் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிடுகிறது. ஒவ்வொரு தடவை பற்றும்போதும் இன்ஜினைச் சுழற்றும் கிராங்க் தண்டு துளி வேகம் எடுக்கும். பற்றாதபோது துளி தளரும். கிராங்க் சென்சார் அந்தத் தளர்வைக் காட்டிக்கொடுக்கிறது. வண்டியே தன் பழுதைக் கண்டு சொல்லும் ஓ.பி.டி. முறையின் இரண்டாம் கட்டம் இந்தியாவில் 2013 ஏப்ரலில் வந்தபின் தயாரான கார்களில், ஸ்கேனரைச் செருகினால் பி0301, பி0302 என்று சிலிண்டர் எண்ணோடே கோடு வருவது வழக்கம். பி0300 வந்தால் பழுது ஒரே சிலிண்டரில் நிற்கவில்லை என்று அர்த்தம். இவனுடைய வண்டியில் மூன்று தடவையும் வந்தது பி0302. ஆனால் கோடு எந்தச் சிலிண்டர் என்றுதான் சொல்லும். ஏன் என்று சொல்லாது.

ஏன் என்பதற்கு மறுபடியும் "எப்போது" என்றே கேட்க வேண்டும். நின்ற இடத்தில் உதறி, ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் சரியானால், த்ராட்டிலுக்குப் பின்னால் எங்கோ ரப்பர் குழாய் வெடித்துக் கள்ளக்காற்று புகுகிறதா என்று பார்க்கலாம். ஐடிலில் உள்ளே போகும் காற்றே கொஞ்சம். அதில் திருட்டுக் காற்று பெரிய பங்கு. மிதித்ததும் அது பொருட்டில்லாமல் போய்விடும். மழை நாளில் மட்டும் என்றால் பிளக் குழியில் ஈரம். சூட்டிலும் குளிரிலும், ஐடிலிலும் ஓட்டத்திலும் ஒரே சிலிண்டர் விடாமல் செத்துக் கிடந்தால் வால்வையும் ரிங்கையும் சந்தேகித்துக் கம்ப்ரஷன் கேஜை எடுக்க வேண்டும். அறுவடை முடிந்த பருவத்தில் திடீரென்று ஒரு காலையில் ஆரம்பித்தால் முதலில் எலி கடித்த வயரைத் தேடுங்கள். காடு காய்ந்ததும் எலிக்கு பானெட்டுக்குள் இருக்கும் வெதுவெதுப்பு நல்ல வீடு. இந்தப் பக்கத்துப் பட்டறைகளில் கரிசல் தூசி மேல் பழி போடுவதும் வழக்கம். தூசியால் ஃபில்டர் அடைத்தால் இழுவை குறையும். ஒரே ஒரு சிலிண்டரைப் பார்த்து மிஸ்ஸிங் வராது.

இரண்டாவது டீ வந்தபோது பையனுக்கு ஞாபகம் வந்துவிட்டது. "காலையில எடுத்தா நல்லாத்தான் போகுது மாமா. சாத்தூர் தாண்டி, ஏ.சி. போட்டு, லாரியை முந்தணும்னு மிதிச்சா உதறுது. நிறுத்தி அரை மணி நேரம் கழிச்சு எடுத்தா மறுபடியும் கொஞ்ச தூரம் சரியா ஓடுது."

கரிசக்காட்டில் பிறந்தவனுக்கு இதற்கு மேல் உதாரணம் வேண்டாம். கோடையில் கால் நுழையும் அளவுக்கு விரியும் நிலவெடிப்பு ஐப்பசி மழையில் தடம் தெரியாமல் மூடிக்கொள்ளும். மழை முடிந்து பார்ப்பவருக்கு அங்கே வெடிப்பு இருந்ததே தெரியாது. மண்ணை மூடுவது ஈரம். இவன் வண்டியில் நான் சந்தேகப்பட்டது இக்னிஷன் காயிலை. அதில் அந்த வேலையைக் குளிர்ச்சி செய்கிறது. 12 வோல்ட்டைப் பல ஆயிரம் வோல்ட்டாக ஏற்றித் தருவது இந்தக் காயில்தான். அதற்குள் மயிரிழைக் கம்பிச் சுற்றும், அதன் மேல் இன்சுலேஷனும் இருக்கின்றன. வயசான காயிலில் சூடு ஏற ஏற நுண்ணிய வெடிப்பு விரிந்து மின்சாரம் உள்ளேயே கசியும். ஆறினால் மூடிக்கொள்ளும். முந்துவதற்கு மிதிக்கும்போது சிலிண்டர் நிறையக் காற்று புகுந்து அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் பொறி தாண்ட அதிக வோல்ட் வேண்டும். தளர்ந்த காயில் அந்த இடத்தில்தான் கைவிடும். பட்டறையில் வண்டி ஆறிய பிறகு, நிறுத்தி வைத்தே பார்த்திருக்கிறார்கள். ஐப்பசியில் வந்து வெடிப்பைத் தேடிய கதை.

பம்பை மாற்றியதற்கும் அவர்களிடம் ஒரு காரணம் இருந்தது: ஸ்கேனர் "பெட்ரோல் குறைவு" என்று காட்டியது. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். பற்றாத சிலிண்டர் தன் காற்றை அப்படியே சைலன்ஸர் பக்கம் தள்ளுகிறது. செலவாகாத அந்த ஆக்ஸிஜன், ஆக்ஸிஜன் சென்சாரில் படுகிறது. சென்சாருக்கு எரியாமல் வந்த பெட்ரோல் தெரியாது, மிச்ச ஆக்ஸிஜன் மட்டும்தான் தெரியும். எனவே பெட்ரோல் போதவில்லை என்று கம்ப்யூட்டர் முடிவுகட்டி இன்னும் கூட்டி ஊற்றுகிறது. மிஸ்ஸிங்கால் வந்த கணக்கை மிஸ்ஸிங்குக்குக் காரணமாக எடுத்துக்கொண்டார்கள். பம்புக்குக் கொடுத்த காசு வீண்.

மறுநாள் மதியம் வேறொரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு நாற்கரச் சாலையில் ஓட்டினோம். உதறல் வந்தது. ஓரம் கட்டி இன்ஜினை அணைத்து, இரண்டாம் சிலிண்டர் காயிலை மூன்றிலும் மூன்றாவதை இரண்டிலும் செருகினார். வேறு எதையும் தொடவில்லை. ஒரே நேரத்தில் இரண்டு பொருளை மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாமல் போகும். ஸ்கேனரில் பழைய கோடு எண்ணை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினால், வந்தது பி0303. பழுது காயிலோடு நடந்து போய்விட்டது. காயில் இடம் மாறியும் கோடு இரண்டிலேயே நின்றிருந்தால் அடுத்து பிளக், பிறகு இன்ஜெக்டர், கடைசியில் கம்ப்ரஷன் என்று ஒவ்வொன்றாகப் பார்த்திருப்போம். பிளக்கை மட்டும் இன்ஜின் ஆறிய பிறகே கழற்ற வேண்டும். சூட்டில் அலுமினிய ஹெட்டின் மரை பிய்ந்து வந்துவிடலாம்.

புதுக் காயில் ஒன்று போட்டதோடு மிஸ்ஸிங் நின்றது. பழைய பிளக்குகளை அளவுக்கு மீறி ஓடவிட்டிருந்தான். இடைவெளி தேய்ந்து அகன்ற பிளக் காயிலிடம் கூடுதல் வோல்ட் கேட்டுக்கொண்டே இருக்கும். காயில் வயசுக்கு முன்னே தளர்ந்ததற்கு அதுவும் காரணமாக இருந்திருக்கலாம்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். டேஷ்போர்டில் செக் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு மின்னினால் அப்படியே திருநெல்வேலி வரை ஓட்டிப் போகாதீர்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதன் தேன்கூட்டை உருக்கிவிடும். காயிலைவிடப் பல மடங்கு செலவு. வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுங்கள். பட்டறைக்குப் போகும் முன் ஒரு துண்டுச் சீட்டில் எழுதுங்கள்: சூட்டிலா குளிரிலா, நின்ற இடத்திலா ஏற்றத்திலா, மழையிலா வெயிலிலா, எந்த பங்கில் பெட்ரோல் போட்ட பிறகு. சாவியோடு அந்தச் சீட்டையும் மெக்கானிக் கையில் கொடுங்கள்.