கன்சல்டிங் வேலை: கையெழுத்துக்கு முன்பும் பின்பும்

ஓரகடத்திலோ ஓசூரிலோ ஒரு வாகன ஆலையில் நான்கைந்து வருடம் ஷிஃப்ட் பார்த்த பொறியாளர் வேலையை விட்டுவிட்டு எம்.பி.ஏ. சேர்கிறார். படிப்பு முடிந்ததும் மெக்கின்சி, பெயின், பி.சி.ஜி. மாதிரியான ஆலோசனை நிறுவனம் ஒன்றில் நுழைந்துவிட வேண்டும் என்பது திட்டம். நல்ல திட்டம்தான். ஆலையைக் கண்ணால் பார்த்தவருக்கு அங்கே மதிப்பு உண்டு. ஆனால் நேர்முகத் தேர்வுக்கு மாதக்கணக்கில் தயாராகிறவர்கள், கைக்கு வரும் ஆஃபர் லெட்டரைப் பத்து நிமிடத்தில் புரட்டிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். பணமும் நிம்மதியும் போகும் வழிகள் பெரும்பாலும் அந்தத் தாளிலேயே எழுதப்பட்டிருக்கின்றன.

அந்தத் தாள் வருவதற்கு முன்பே தொடங்கிவிடுவது கடன். ஐஐஎம் அகமதாபாத்தின் இரண்டு வருடப் படிப்புக்கான கட்டணம் 25 லட்சம் ரூபாயைத் தாண்டிவிட்டது. 25 லட்சத்தை 9.5 சதவீத வட்டிக்கு வாங்கிப் பத்து வருடத்தில் கட்டுவதென்றால் மாதத் தவணை சுமார் 32,000 ரூபாய். படிக்கும் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும் என்பதால், உண்மையில் இன்னும் கூடும். கல்விக் கடன் வட்டிக்கு எட்டு வருடம் வரை கிடைக்கும் வருமான வரிக் கழிவு, பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு மட்டுமே. புதிய முறைக்குப் போனவர்கள் அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இந்தக் கடனைத் துணிந்து வாங்க வைப்பது பிளேஸ்மென்ட் அறிக்கையில் வரும் சம்பள எண். அந்த எண்ணை நம்பலாமா? எப்படித் தயாரிக்கப்பட்டது என்று பார்த்துவிட்டு நம்பலாம். ஐஐஎம் அகமதாபாத் முன்னின்று உருவாக்கிய ஐ.பி.ஆர்.எஸ். என்ற அறிக்கை முறை, சம்பளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டச் சொல்கிறது: மாதாமாதம் நிச்சயமாக வரும் பணம், சேரும்போது ஒருமுறை மட்டும் வருவது, வேலையைப் பொறுத்து வந்தாலும் வரலாம் என்ற பகுதி எல்லாம் தனித்தனியே இருக்கும். இப்படிப் பிரிக்காமல் மொத்த சி.டி.சி.யை மட்டும் விளம்பரத்தில் பெரிதாகப் போடும் கல்லூரியிடம் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். எத்தனை பேருக்கு ஆலோசனை நிறுவனங்களில் வேலை கிடைத்தது? சராசரியை விடுங்கள், வரிசையின் நடுவில் நிற்கிற மாணவருக்குக் கிடைத்தது எவ்வளவு? நாலைந்து பேரின் பெரிய சம்பளம் சராசரியை எளிதாகத் தூக்கிவிடும்.

அடுத்தது ஜாயினிங் போனஸ். ஒரு வருடத்துக்குள் வேலையை விட்டால் அதைத் திருப்பித் தர வேண்டும் என்று ஆஃபர் லெட்டரில் ஒரு வரி இருப்பது சகஜம். அந்த வரியை நிதானமாகப் படிக்க வேண்டும். ஐந்து லட்சம் போனஸ் என்று வைத்துக்கொள்வோம். முப்பது சதவீத வரியும் அதன் மேல் செஸ்ஸும் பிடித்தால் 1,56,000 ரூபாய் அரசுக்குப் போய்விடும். கைக்கு வருவது 3,44,000. ‘வழங்கப்பட்ட முழுத் தொகையையும்’ என்று அந்த வரியில் இருந்தால், பத்தாவது மாதத்தில் விலகுகிறவர் ஐந்து லட்சத்தையும் எடுத்து வைக்க வேண்டியிருக்கும். வரி போகக் கைக்கு வந்த தொகை மட்டுமா, தங்கிய மாதங்களுக்கு ஏற்பக் குறையுமா, நிறுவனமே வெளியே அனுப்பினாலும் திருப்பித் தர வேண்டுமா என்று மனிதவளப் பிரிவிடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. அந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடக் கூடாது. மேலே ஏற முடியாதவர்களை வெளியேறச் சொல்வது இந்தத் துறையின் நெடுநாள் வழக்கம்.

‘விலகிய பிறகு ஒரு வருடம் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது’ என்ற நிபந்தனையைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். அந்த அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 27-ஆம் பிரிவில், ஒருவரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் தொடர்பான பெர்செப்ட் வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம், ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் நீளும் கட்டுப்பாட்டை இந்தப் பிரிவு ஏற்காது என்றது. ஆனால் பாண்டு வேறு விஷயம். பயிற்சிக்காகவோ படிப்புக்காகவோ நிறுவனம் செலவழித்துவிட்டு, இத்தனை வருடம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுதி வாங்குவதை நீதிமன்றங்கள் ஒதுக்கிவிடுவதில்லை. மூன்று வருடத்துக்கு முன்பே விலகினால் இரண்டு லட்சம் என்ற விஜயா வங்கியின் நிபந்தனையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி, எழுதியிருக்கும் தொகை வெறும் உச்சவரம்புதான். நியாயமான இழப்பீட்டுக்கு மேல் நீதிமன்றம் வாங்கித் தராது. பழைய நிறுவனமே கட்டணம் கட்டிப் படிக்க அனுப்பியிருந்தால், கன்சல்டிங்குக்குத் தாவும் முன் அந்த பாண்டை எடுத்து மறுபடி படித்தாக வேண்டும்.

ஆஃபர் கிடைத்தும் வேலை கிடைக்காமல் நிற்பதுதான் இருப்பதிலேயே வேதனையானது. 2023-இல் அமெரிக்காவில் மெக்கின்சி, பெயின் போன்றவை எம்.பி.ஏ. மாணவர்கள் பலரின் சேரும் தேதியை மாதக்கணக்கில் தள்ளிவைத்தன. தாமதமாகச் சேரச் சம்மதித்தவர்களுக்கு பெயின் பணமும் கொடுத்தது. மாணவர் விசாவில் இருந்த இந்தியர்களுக்குப் பணத்தை விடப் பெரிய கவலை இருந்தது. படிப்புக்குப் பின் வேலை பார்க்கத் தரப்படும் ஓ.பி.டி. அனுமதியில், முதல் வருடம் மொத்தம் 90 நாள்தான் வேலையில்லாமல் இருக்கலாம். இந்தியாவிலும் சேரும் தேதி இப்படித் தள்ளிப்போனதுண்டு. 2016-இல் ஃபிளிப்கார்ட், ஜூனில் சேர வேண்டியவர்களை டிசம்பருக்குத் தள்ளியபோது ஐஐஎம் அகமதாபாத்தின் பிளேஸ்மென்ட் குழு எழுத்து மூலம் எதிர்ப்புத் தெரிவித்தது. நிறுவனம் ஒன்றரை லட்சம் தருவதாகச் சொன்னது. மேலே சொன்ன 25 லட்சக் கடனுக்கு ஆறு மாத வட்டி மட்டும் 1,18,750 ரூபாய். சாப்பாடும் வாடகையும் அதில் சேராது.

சேரும் தேதி குறிப்பிட்ட ஆஃபரை ஏற்றுக்கொண்டுவிட்டால் அது ஒப்பந்தம். மீறினால் ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவில் இழப்பீடு கேட்கலாம். ‘தேதி பின்னர் தெரிவிக்கப்படும்’ என்று இருந்தால் வாதம் பலவீனமாகிவிடும். வழக்குப் போடுவதை விட, பிளேஸ்மென்ட் குழு அந்த நிறுவனத்தை அடுத்த ஆண்டு வளாகத்துக்குள் விடாமல் நிறுத்தும் என்ற அச்சம் விரைவாக வேலை செய்யும். தள்ளிவைத்த மின்னஞ்சல் வந்த அன்றே அதைக் கல்லூரிக்கும் கடன் கொடுத்த வங்கிக்கும் அனுப்பி, தவணை தொடங்கும் நாளை ஒத்திவைக்கக் கேட்க வேண்டும். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

பழைய வேலையிலிருந்து வெளியேறும்போதும் கவனம் தேவை. பணிக்கொடைக்கு ஐந்து வருடம் வேண்டும் என்றாலும், நான்கு வருடம் முடித்து ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் உரிமை உண்டு என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. நான்கரை வருடத்தில் ராஜினாமா செய்ய நினைப்பவர், கல்லூரி திறக்கும் தேதியைப் பார்த்து ஒன்றிரண்டு மாதம் தள்ள முடியுமா என்று கணக்குப் போடலாம். ஆலையின் செலவுக் கணக்கு, விற்பனையாளர் விலைப்பட்டியல் போன்றவற்றைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போவதோ பெரிய ஆபத்து. அனுமதியில்லாமல், நேர்மையற்ற நோக்கத்தோடு தரவை நகலெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளின் கீழ் மூன்று வருடச் சிறை வரை கொண்டுபோகும்.

புது வேலையான கன்சல்டிங்கிலோ வாடிக்கையாளரின் ரகசியம் கைக்கு வரும். மெக்கின்சியின் மூத்த பங்குதாரராக இருந்த அனில் குமார், வாடிக்கையாளரான ஏ.எம்.டி. இன்னொரு நிறுவனத்தை வாங்கப்போகும் செய்தியை, கொழும்பில் பிறந்த நிதி மேலாளர் ராஜ் ராஜரத்தினத்துக்குப் பணத்துக்காகச் சொன்னார். 2010-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ராஜரத்தினத்துக்கு 2011-இல் 11 வருடச் சிறை விதிக்கப்பட்டது. இந்தியாவில் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் 2015 விதிகள், இப்படி உள்தகவலைப் பகிர்வதைத் தடுக்கின்றன. பழைய நிறுவனத்தின் பங்குகள் கையில் இருந்தால், புது வேலையில் சேரும்போதே சொல்லிவிடுவது பாதுகாப்பு.

பிரச்சினை வந்தால் எங்கே போவது? 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில், நிர்வாகப் பணியில் இருப்பவரும், 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளரும் ‘தொழிலாளி’ ஆக மாட்டார்கள். ஆகவே வேலைநீக்கத்தை எதிர்க்கத் தொழில் தீர்ப்பாயத்தின் கதவு கன்சல்டன்டுக்குப் பெரும்பாலும் திறக்காது, சிவில் நீதிமன்றம்தான். ஊதியச் சட்டத் தொகுப்பு அப்படியில்லை. மேலாளரும் அதில் ‘ஊழியர்’. விலகினாலும் விலக்கப்பட்டாலும் நிலுவை ஊதியத்தை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும் என்பது அதன் 17-ஆம் பிரிவு. இறுதிக் கணக்குக்கு 45 நாள் ஆகும் என்று பழைய பழக்கத்தில் யாராவது சொன்னால், அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு அன்றே மின்னஞ்சல் அனுப்பலாம்.