மழைக்கும் ஒரு நாள் ஒதுக்குவோம்

மே மாதத்தின் பிற்பகுதியில் தில்லி மோதி பாக்கில் நண்பகலில் வெளியே கால்வைக்க எவரும் விரும்புவதில்லை. ‘லூ’ எனப்படும் வெப்பக்காற்று வீசும். வேப்பமர நிழலிலும் அனல் அடிக்கும். பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை தொடங்கியிருக்கும். அரசு ஊழியர் குடியிருப்புகள் நிறைந்த எங்கள் பகுதியில் அந்நாட்களில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான்: இந்த ஆண்டு எங்கே போகிறீர்கள்?

சொந்த ஊர்ப் பயணச் சலுகைக்குப் பதிலாக அந்தமானுக்கு விமானத்தில் சென்றுவர மத்திய அரசு தன் ஊழியர்களைப் பல ஆண்டுகளாக அனுமதித்து வருகிறது. ஆகவே அங்கே சென்று வந்த குடும்பங்கள் எங்கள் அக்கம்பக்கத்தில் பல உண்டு. அவர்கள் காட்டிய படங்களில் வானமும் நீலம், கடலும் நீலம். அதைக் கண்டு ஆசை கொண்ட நாங்களும், வங்கியின் விடுப்புப் பயணச் சலுகையைப் பயன்படுத்திச் சென்ற ஆண்டு மே இறுதியில் புறப்பட்டோம். எழுபது வயதைக் கடந்த அம்மாவும் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இருவருமாக மொத்தம் ஐவர். அந்தப் படங்கள் பிப்ரவரியில் எடுக்கப்பட்டவை என்பதைக் கேட்டறிய மட்டும் மறந்துவிட்டோம்.

மழையை எதிர்கொண்டு சென்றோம்

தென்மேற்குப் பருவமழை நம் நாட்டில் முதலில் வந்து சேரும் இடம் அந்தமான் நிக்கோபார்த் தீவுகளே. வழக்கமாக மே மாதத்தின் மூன்றாம் வாரத்தையொட்டி அப்பகுதியில் பருவமழை தொடங்குகிறது. ஜூன் 1ஆம் தேதி வாக்கில் கேரளத்தையும், ஜூன் 27ஆம் தேதி வாக்கில் தில்லியையும் அது எட்டுகிறது. தில்லியில் ஓராண்டில் பெய்யும் மழை ஏறத்தாழ 750 மில்லிமீட்டர்; அந்தமானிலோ 3,000 மில்லிமீட்டரை ஒட்டியது. தென்மேற்குப் பருவம் ஓய்ந்ததும் வடகிழக்குப் பருவம் தொடங்கிவிடும். ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களே அங்கு ஓரளவு வறண்டவை.

இவற்றையெல்லாம் வீட்டிலிருந்தபடியே அறிந்துகொண்டிருக்கலாம். ஆனால் பள்ளி விடுமுறையும் அலுவலக விடுப்பும் ஒத்துவரும் நாட்களையே பார்த்தோமன்றி, வானத்தின் நாட்காட்டியைப் பார்க்கவில்லை. எங்களது ஐந்து நாள் திட்டம் மிக நேர்த்தியானது என்றே எண்ணினோம். முதல் நாள் போர்ட் பிளேர், அதாவது 2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம் என அழைக்கப்படும் தலைநகர். மறுநாள் காலை, 2018இல் ஸ்வராஜ் தீவு எனப் பெயர் மாற்றப்பட்ட ஹேவ்லாக். அங்கே இரண்டு இரவுகள். நான்காம் நாள் பிற்பகல் தலைநகருக்குத் திரும்புதல். ஐந்தாம் நாள் விமானம். இடையில் ஒரு மணி நேரமும் வீணாகாது என்று பெருமைப்பட்டுக்கொண்டோம். அந்தப் பெருமையே பின்னர் எங்களுக்குச் செலவு வைத்தது.

நின்றுபோன படகு

ஸ்வராஜ் தீவுக்குச் சாலை வழி கிடையாது. தலைநகரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் கடல் கடந்து படகில்தான் செல்ல வேண்டும். அரசுப் படகுகளும் தனியார் விரைவுப் படகுகளும் ஓடுகின்றன. கடல் கொந்தளித்தாலோ காற்று பலத்தாலோ இரு வகைப் படகுகளும் நிறுத்தப்படும். பயணிகளின் உயிரைக் காக்க எடுக்கப்படும் அம்முடிவில் எவரையும் குறை சொல்ல இயலாது.

நான்காம் நாள் விடியலிலிருந்தே மழை. பெட்டிகளுடன் ஜெட்டிக்குச் சென்றபோது அன்றைய படகுகள் அனைத்தும் நிறுத்தப்பட்டிருந்தன. எங்கள் பேச்சைக் கேட்ட பணியாளர் ஒருவர் தமிழிலேயே, “இன்றைக்குக் கடல் விடாதும்மா, நாளைக்குப் பார்க்கலாம்” என்று அம்மாவிடம் சொன்னார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அத்தீவுகளில் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர் என்பதால் இதில் வியப்பில்லை. எனினும் அந்நேரத்தில் அந்தக் குரல் எங்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

மறுநாளும் கடல் விடவில்லை. விமானம் எங்களை விட்டுவிட்டுப் பறந்தது. பணம் போனதைவிட எங்களை அதிகம் கலங்கவைத்தது வேறொன்று. அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரைகளை ஐந்து நாட்களுக்கு மட்டும் எண்ணி எடுத்துவந்திருந்தோம். ஐந்தாம் நாள் காலையில் கடைசி மாத்திரையும் தீர்ந்தது. குடைபிடித்துச் சென்று தீவின் ஆரம்ப சுகாதார நிலையத்தை அடைந்தோம். மருத்துவர் அம்மாவைப் பரிசோதித்து, அதே மருந்தை மூன்று நாட்களுக்குத் தந்து அனுப்பினார். மருந்துச்சீட்டின் படம் கைபேசியில் இருந்ததால் வேலை எளிதாக முடிந்தது. அதுவும் இல்லாதிருந்தால் மாத்திரையின் நிறத்தைச் சொல்லித்தான் கேட்டிருப்போம்.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2016 டிசம்பரில், பின்னர் ‘வர்தா’ புயலாக வலுப்பெற்ற காற்றழுத்த மண்டலம் அந்தமானைத் தாக்கியபோது, ஹேவ்லாக், நீல் ஆகிய தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டனர். அவர்களை மீட்கக் கடற்படைக் கப்பல்கள் அனுப்பப்பட்டன. அதே புயல்தான் டிசம்பர் 12 அன்று சென்னையருகே கரையைக் கடந்தது. சுற்றுலாவுக்கு உகந்ததெனக் கருதப்படும் டிசம்பரிலும் தீவுப் பயணத்திற்கு வானமே எசமானன் என்பதற்கு இது சான்று.

மழை தந்த இரண்டு நாட்கள்

கடலில் இறங்கக் கூடாது. பவளப்பாறைகளைக் காணும் படகுகளும் இல்லை. அந்த இரண்டு நாட்களையும் எவ்வாறு கழித்தோம்?

முதல் நாள் முற்பகலைக் குறைசொல்லியே கழித்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பிற்பகலில் விடுதித் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தபோது சமையற்கட்டிலிருந்து நெய்யின் மணம் வந்தது. விடுதியை நடத்திய குடும்பத்தினர், நாட்டுப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்து அத்தீவில் குடியமர்த்தப்பட்டோரின் வழிவந்தவர்கள். மழை பெய்தால் வங்காளிகள் வீட்டில் கிச்சுடி சமைப்பது வழக்கமாம். அரிசியும் வறுத்த பாசிப்பருப்பும் இஞ்சியும் சேர்ந்து குழைந்த அதை ஒரு வாய் உண்டதும், “இது நம் வெண்பொங்கலுக்கு ஒன்றுவிட்ட தங்கை” என்றார் அம்மா. பின்னர் சமையற்கட்டிற்கே சென்றுவிட்டார். அவருக்கு வங்காளம் தெரியாது. அவ்வீட்டுப் பெரியம்மாவுக்குத் தமிழ் தெரியாது. இருவரும் தில்லித் தெருவின் இந்தியும் கைச்சாடையுமாக மாலைவரை பேசிக்கொண்டிருந்தனர்.

பிள்ளைகள் விடுதிச் சிறுவனிடம் கடலின் ஏற்ற வற்றத்தைக் கணிக்கக் கற்றனர். கடல் ஏறும் நேரம் நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போவதை ஒரு தாளில் குறித்துச் சரிபார்த்தனர். மழை விட்ட இடைவெளிகளில், நீர் வடிந்த கரையில் நண்டுகளின் வளைகளை எண்ணினர். கைபேசிக்கு அலைவரிசை கிடைக்காததும் ஒரு வகையில் நன்மையாயிற்று. மோதி பாக் வீட்டில் ஐவரும் ஒன்றாக அமர்ந்து உண்பது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே. இங்கோ மூன்று வேளையும் ஒரே மேசை. அம்மா தம் இளமைக் காலத்துக் காவிரி வெள்ளத்தைப் பற்றிச் சொன்ன கதைகளைப் பிள்ளைகள் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டனர். நீலக்கடலைத் தேடிச் சென்ற எங்களுக்கு, விட்டுப்போயிருந்த பேச்சு கிடைத்தது.

செல்லுலார் சிறையில் ஒரு பிற்பகல்

ஆறாம் நாள் காலை கடல் தணிந்தது; படகு ஓடியது. தலைநகரை அடைந்த நாங்கள், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்திருந்த செல்லுலார் சிறைக்குத் தூறலினூடே சென்றோம். 1896இல் கட்டத் தொடங்கி 1906இல் முடிக்கப்பட்ட அச்சிறையில், நடுக்கோபுரத்திலிருந்து சக்கரத்தின் ஆரங்களைப்போல ஏழு பிரிவுகள் விரிந்திருந்தன. இன்று எஞ்சியிருப்பவை மூன்று. ஒரு கைதி மற்றொருவரின் முகத்தையும் காணாதவாறு, ஒரு பிரிவின் முகப்பு அடுத்த பிரிவின் பின்சுவரையே நோக்கும்படி அமைத்திருந்தனர். 1979இல் அது தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது.

ஓர் அறைக்குள் நின்றபோது, உயரத்திலிருந்த சிறு சாளரத்தின் வழியே மழையின் ஓசை மட்டும் கேட்டது. “இரண்டு நாள் படகில்லை என்பதற்கு எவ்வளவு தவித்தோம்!” என்று அம்மா மெல்லக் கூறினார். அதற்கு மேல் எவரும் பேசவில்லை.

மழைநாளில் தலைநகரில் காணத்தக்கவை வேறும் உண்டு. கடற்படை நடத்தும் ‘சமுத்ரிகா’ அருங்காட்சியகம், பழங்குடியினர் வாழ்வை விளக்கும் மானிடவியல் அருங்காட்சியகம், 1883இல் நிறுவப்பட்ட சாத்தம் மர அறுவை ஆலை ஆகியவை அவற்றுள் சில. கடற்கரைகளை வெயிலுக்கும் இவ்விடங்களை மழைக்கும் எனப் பிரித்து வைத்துக்கொண்டால், எந்த நாளும் வெறும் நாளாகாது.

கணக்குப் பார்த்தபோது

வங்கியில் கடன் வழங்கும்போது, வராமற்போகக்கூடிய தொகைக்கென முன்கூட்டியே ஒதுக்கீடு செய்து வைக்கிறோம். பிறர் பணத்தில் காட்டும் இந்த எச்சரிக்கையைச் சொந்தப் பயணத்தில் காட்டத் தவறினோம். ஊர் திரும்பியபின் நாங்கள் எழுதி வைத்துக்கொண்ட குறிப்புகளை வாடிக்கையாளர்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

முதலாவது, நாள் ஒதுக்கீடு. வெளித்தீவுகளை முதலில் பார்த்துவிட்டு, விமானத்திற்கு ஒரு முழு நாள் முன்னதாகவேனும் தலைநகருக்குத் திரும்பிவிட வேண்டும். மழைக்காலமெனில் இரண்டு நாட்கள் நல்லது. மழை வராவிட்டால் அந்த நாள் நமக்கு இலாபம்.

இரண்டாவது, பயணச்சீட்டு. தேதியை மாற்ற இயலும் சீட்டுக்கும் இயலாத சீட்டுக்கும் உள்ள விலை வேறுபாட்டை, புதிய சீட்டு வாங்க நேர்ந்தால் ஆகும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். படகு நின்றதால் விமானத்தைத் தவறவிட்டால் விமான நிறுவனம் அதற்குப் பொறுப்பேற்காது. எனினும், பயணம் செய்யாத சீட்டில் வசூலிக்கப்பட்ட அரசு வரிகளையும் விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணத்தையும் திரும்பப் பெற நமக்கு உரிமை உண்டு. பலர் இதைக் கேட்பதே இல்லை.

மூன்றாவது, பயணக் காப்பீடு. வாங்குமுன் மூன்று கேள்விகளுக்கு விடை தேடுங்கள். படகு நிறுத்தத்தால் தவறிய விமானத்திற்கு இழப்பீடு உண்டா? கூடுதல் தங்குமிடச் செலவு அதில் அடங்குமா? எத்தனை மணி நேரத் தாமதத்திற்குப் பின் இழப்பீடு தொடங்கும்? புயல் எச்சரிக்கை வெளியான பிறகு வாங்கும் காப்பீடு பெரும்பாலும் அந்தப் புயலுக்கு உதவாது.

நான்காவது, கையில் ரொக்கம். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கம்பிவடம் தொடங்கப்பட்டபின் தீவுகளின் இணையச் சேவை பெரிதும் மேம்பட்டுள்ளது. ஆயினும் கனமழையில் மின்சாரமும் அலைவரிசையும் தடைபடக்கூடும். இரண்டு நாள் செலவுக்கான ரொக்கத்தை நனையாத உறையில் வைத்திருங்கள். கடையில் யுபிஐ வழியே செலுத்திய பணம் நம் கணக்கில் கழிந்தும் கடைக்காரருக்குச் சேராவிட்டால் அஞ்ச வேண்டாம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, பரிவர்த்தனை நாளுக்குப் பின் ஐந்து நாட்களுக்குள் அத்தொகை தானாகவே திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. பரிவர்த்தனை எண்ணை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, மருந்து. திட்டமிட்ட நாட்களைப்போல் இரு மடங்கு நாட்களுக்கு வேண்டியதை, மருந்துச்சீட்டின் நகலுடன் கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள்.

இறுதியாக, பணம். தொடர் வைப்பில் மாதந்தோறும் சேமித்துப் பயணம் செல்வோர், பயணச் செலவோடு ஒரு நாள் தங்கும் செலவையும் மாற்றுச் சீட்டுக்கான தொகையையும் கூட்டி இலக்கை நிர்ணயிக்கலாம். அந்தக் கூடுதல் தொகை, உடனே எடுக்கக்கூடிய சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். வேண்டியிராவிட்டால் அடுத்த பயணத்தின் முதல் தவணையாக அது மாறிவிடும்.

நாங்கள் தில்லி திரும்பிய சில வாரங்களில், ஜூன் இறுதியில், மோதி பாக்கிலும் மழை தொடங்கியது. பிள்ளைகள் மாடிமுகப்புக்கு ஓடினர். அம்மா அடுக்களைக்குச் சென்று பாசிப்பருப்பை வறுக்கத் தொடங்கினார். அன்றிரவு, அடுத்த ஆண்டுக்குரிய பயணத் திட்டத்தை எழுத அமர்ந்தோம். ஊரின் பெயரைக்கூட இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் தாளின் கடைசிக்கு முந்தைய கட்டத்தில் ‘மழை’ என்று எழுதி, அந்த நாளை வெறுமையாக விட்டிருக்கிறோம்.