நான்கு மீட்டருக்குள் அடங்க வேண்டிய குடும்பம்

புது தில்லி: நாடாளுமன்றக் கூட்டத்தொடர் நாள்களில் வளாகத்துக்குள் வந்து நிற்கும் வாகனங்களைப் பார்த்தாலே இந்தியக் கார் சந்தையின் போக்கு விளங்கிவிடும். ஒரு காலத்தில் எங்கு நோக்கினும் வெள்ளை அம்பாசடர்கள். இன்று இன்னோவா, ஃபார்ச்சூனர் போன்ற உயரமான வாகனங்களே அதிகம் கண்ணில் படுகின்றன. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதத்துடன் நின்றுபோனது.

மக்கள் பிரதிநிதிகளின் வழியிலேயே குடும்பங்களும் செல்கின்றன. 2023-24 நிதியாண்டில் உள்நாட்டில் விற்பனையான சுமார் 42 லட்சம் பயணிகள் வாகனங்களில் 25 லட்சத்துக்கும் மேற்பட்டவை எஸ்யுவி உள்ளிட்ட பயன்பாட்டு வாகனங்கள். செடான், ஹேட்ச்பேக் ரகங்கள் சேர்ந்தே சுமார் 15.5 லட்சம்தான். எஸ்யுவி வாங்குவோர் பலரும் கூறும் காரணம் இடவசதி. அது எந்த அளவுக்கு உண்மை?

உயரமே வேறுபாடு: ஹோண்டா சிட்டி செடானையும் ஹூண்டாய் க்ரெட்டா எஸ்யுவியையும் ஒப்பிடலாம். முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தொலைவே கால் நீட்டும் இடத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. சிட்டியில் அது 2,600 மி.மீ.; க்ரெட்டாவில் 2,610 மி.மீ. வித்தியாசம் ஒரு சென்டிமீட்டர் மட்டுமே. டிக்கியின் கொள்ளளவு சிட்டியில் 506 லிட்டர், க்ரெட்டாவில் 433 லிட்டர். பெட்டி, படுக்கைகளுக்கு செடானிலேயே இடம் அதிகம்.

ஆனால், சிட்டியின் உயரம் 1,489 மி.மீ.; க்ரெட்டாவின் உயரம் 1,635 மி.மீ. ஏறத்தாழ 15 செ.மீ. அதிகமுள்ள இந்த உயரம்தான் விசாலமான உணர்வைத் தருகிறது. நாற்காலியில் அமர்வதைப்போல நிமிர்ந்து உட்காரலாம். மூட்டுவலியுள்ள முதியவர் அதிகம் குனியாமல் ஏறலாம். செடானிலோ தாழ்ந்து அமர வேண்டும். எழும்போது கைகொடுக்க ஒருவர் தேவைப்படுவார். எனினும், அமர்ந்த பிறகு கால்களை நீட்டிக்கொள்ளவும், வளைவுகளில் அதிகம் ஆடாமல் பயணிக்கவும் செடானே ஏற்றது.

அம்பாசடரின் உயரம் சுமார் 1,600 மி.மீ. வேட்டி, தொப்பி, தலைப்பாகை அணிந்த தலைவர்கள் அதில் சிரமமின்றி ஏறி இறங்கியதற்குக் காரணம் இதுவே.

எல்லா எஸ்யுவிகளும் வசதியானவை அல்ல. ஃபார்ச்சூனரைப்போல அடிச்சட்டத்தின் மீது உடற்பகுதி பொருத்தப்படும் வாகனங்களில் தளம் உயர்ந்துவிடுகிறது. கடைசி வரிசையில் அமர்பவரின் முழங்கால்கள் மார்பை நோக்கி எழும்பி நிற்கும். மூன்று வரிசைகளிலும் ஆள் ஏறினால், பெட்டிகளைக் கூரை மீது கட்ட வேண்டியதுதான்.

வரியின் கத்தரிக்கோல்: இந்த உட்புற அளவுகளைக் கார் நிறுவனங்கள் மட்டுமே தீர்மானிப்பதில்லை, நிதியமைச்சகத்துக்கும் அதில் பங்குண்டு. 2006-07 பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கான உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். நீளம் 4 மீட்டருக்கு மிகாதிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2008-இல் 4,160 மி.மீ. நீளத்துடன் வந்த ஸ்விஃப்ட் டிசையர், 2012-இல் 3,995 மி.மீ. ஆகச் சுருங்கியது. 440 லிட்டராக இருந்த டிக்கி 316 லிட்டரானது.

2013-இல் எஸ்யுவிகளுக்கான உற்பத்தி வரி 27 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாக உயர்ந்தது. 4 மீட்டருக்கு மேற்பட்ட நீளம், 1,500 சிசி-க்கு மேற்பட்ட என்ஜின், குறைந்தது 170 மி.மீ. தரை இடைவெளி ஆகியவை அளவுகோல்களாயின. ஜிஎஸ்டி வந்த பிறகும் சர்ச்சை ஓயவில்லை. 2023 ஜூலையில் நடந்த 50-ஆவது ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்தில், 22 சதவீத கூடுதல் வரிப் பட்டியலில் செடான்களைச் சேர்க்கத் தமிழகமும் பஞ்சாபும் எதிர்ப்புத் தெரிவித்ததாக நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் கூறினார். செடான்கள் தப்பின.

2025 செப்டம்பர் 22 முதல் கூடுதல் வரி நீக்கப்பட்டு, சிறிய கார்களுக்கு 18 சதவீதம், மற்றவற்றுக்கு 40 சதவீதம் என வரி மாறியது. செடான், எஸ்யுவி பாகுபாடு மறைந்தாலும் 4 மீட்டர் எல்லைக்கோடு அப்படியே உள்ளது.

ஏழு பேருக்கு எங்கே இடம்?: இந்த எல்லைக்குள் ஏழு இருக்கைகளையும் பொருத்த முடிந்திருக்கிறது. 2021-இல் அறிமுகமான பொலேரோ நியோவின் நீளம் 3,995 மி.மீ. அதன் கடைசி இரு இருக்கைகள் பக்கவாட்டில் எதிரெதிராக அமைந்தவை. பின்னால் அமர்வோருக்கான சீட் பெல்ட் கட்டாயம் முன்நோக்கிய இருக்கைகளுக்கே பொருந்தும். மீறினால் 1,000 ரூபாய் அபராதம். பக்கவாட்டில் அமர்பவர் அந்த விதிக்கு வெளியே நிற்கிறார். பெரும்பாலான வீடுகளில் அந்த இடம் குழந்தைகளுக்குத்தான் ஒதுக்கப்படுகிறது.

அமெரிக்காவில் செடான்கள் சிறியவை, நடுத்தரமானவை, பெரியவை என்று வகைப்படுத்தப்படுவது உட்புறக் கன அளவைக் கொண்டுதான். நமது வரி வரையறையிலோ நீளமும் என்ஜினும் உண்டு. உட்காருபவரின் தோள் அகலத்துக்கோ, முழங்கால் இடைவெளிக்கோ இடமில்லை. 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் திட்டம் மோதல் பாதுகாப்புக்கு நட்சத்திர மதிப்பீடு வழங்குகிறது. ஒவ்வோர் இருக்கையின் இடவசதியையும் அளந்து வெளியிடுமாறு நிறுவனங்களுக்கு ஆணையிடுவது அரசுக்குக் கடினமானதல்ல.

வரி வரையறை மீண்டும் திருத்தப்படும்போது உறுப்பினர்கள் இதை அவையில் எழுப்பலாம். அதுவரை, கார் வாங்கச் செல்வோர் வீட்டின் மூத்தவரைப் பின் இருக்கையிலும், குழந்தையைக் கடைசி வரிசையிலும் அமர வைத்துப் பார்த்த பிறகே முன்பணம் கட்டுவது நல்லது.