சில்காவில் ஒரு சனிக்கிழமை

ஹௌரா–சென்னை மார்க்கத்தில் பாலுகாவ் நிலையத்தைத் தாண்டிய அன்பர்கள் சில்கா ஏரியை ஜன்னல் வழியே பார்த்திருப்பீர்கள். தண்டவாளப் பராமரிப்பில் இருந்த காலமெல்லாம் அதன் கரையோரம் டிராலியில் போயிருக்கிறேன், படகேறியதில்லை. மனைவி கேட்டபோதெல்லாம், "ரிடையர் ஆகட்டும்" என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் கண் அழுத்த நோய் அவள் பார்வையில் பாதியைத் தின்றுவிட்டது.

துர்கா பூஜை முடிந்த சனிக்கிழமை ஒருவழியாகப் புறப்பட்டோம். படகுக்காரர் தூண்டிலில் உயிர் இறாலைக் கோத்துக் கொடுத்தார். 1990களில் முகத்துவாரம் மணலால் தூர்ந்து, ஏரியில் உப்பு குறைந்து, மீனும் அருகியதால் சூரத்துக்குத் தறி ஓட்டப் போனவராம். 2000 செப்டம்பரில் புதிய முகத்துவாரம் வெட்டினார்கள். மீன் திரும்பியது, அவரும் திரும்பினார்.

எனக்கு ஒன்றும் சிக்கவில்லை. (டிப்ளமோவில் தூண்டில் பாடம் கிடையாது!) தூத்துக்குடிக்காரியான அவளோ நரம்பை விரலில் சுற்றிக்கொண்டு, "கொடுவாங்க" என்றாள். இழுத்தால், முழ நீளக் கொடுவாதான். வங்காளிகள் பேட்கி என்பது இதைத்தான்.

கரைப்பக்கம் ரயில் ஓசை கேட்டது.

"கூட்ஸா, பாசஞ்சரா?"

"கூட்ஸ். பெட்டி எண்ணட்டுமா?"

"வேண்டாம். அந்த இறாலை எடுங்க."