பற்றரியின் பசி

கல்முனைக்கு மேற்கே பரந்து கிடக்கும் வயல்களிற் பெரும்போகக் கதிர் முற்றும் காலத்தில், உழவர் வாடிகளில் விழித்திருந்து பயிரைக் காப்பர். மின்கம்பி எட்டாத அவ்விடங்களில் விளக்கை எரியச் செய்வது, சூரியத் தகடு பகலில் ஈட்டியதை இரவுக்கெனச் சேமித்து வைக்கும் பற்றரியேயாகும்.

காரீயத் தகடுகளும் சல்பூரிக்கமிலமும் கொண்ட இப்பற்றரியை 1859ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டவரான பிளாந்தே உருவாக்கினார். 12 வோல்ற்றுப் பற்றரியினுள்ளே, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 வோல்ற்றுத் தரும் 6 கலங்கள் தொடராக இணைந்திருக்கும். விளக்கு எரியுங்கால் ஈயச் சல்பேற்று தகடுகளிற் படிகின்றது. அமிலத்தின் செறிவு குறைகின்றது. மின்னேற்றுங்கால் அப்படிவு நீங்கி, அமிலம் பழைய செறிவை அடைகின்றது.

பற்றரியை அரைவயிற்றோடு பல நாள் விட்டுவைத்தால், அப்படிவு இறுகிப் படிகமாகிவிடும். பின்னர் எவ்வளவு மின்னேற்றினும் அது முற்றாக நீங்காது. விளக்குத்தான் எரிகின்றதே என்று வாளாவிருப்போர் பற்றரியை விரைவில் இழப்பது இதனாலேயே.

குடத்தை நிரப்புவோர் முதலில் விரைவாகவும் விளிம்பை அண்மியதும் மெதுவாகவும் நீர் வார்ப்பர். மின்னேற்றமும் அத்தகையதே. ஏறக்குறைய 14.4 வோல்ற்றை எட்டும்வரை, தகடு தரும் மின் முழுவதையும் கட்டுப்படுத்தி உள்ளே செலுத்தும். பின்னர் அவ்வளவிலேயே நிறுத்தி, மின்னோட்டம் படிப்படியாகக் குறைய இடமளிக்கும். நிரம்பியபின் 13.6 வோல்ற்றளவிற் பேணும். இறுதிப் பகுதி நிரம்பப் பல மணி நேரமாகும். அதனை இடையில் நிறுத்துவதே பசிக்கு வித்து.

மிகையாக ஏற்றுவதும் தீதே. நீர் பிரிந்து, எளிதில் தீப்பற்றும் ஐதரசன் வெளிவரும். ஆதலின் காற்றோட்டமுள்ள இடத்திற் பற்றரியை வைத்தல் வேண்டும். அருகே பீடி பற்றவைத்தலாகாது. மூடி திறக்கக்கூடிய பற்றரியில் நீர் குறைந்தால் வடித்த நீரையே விடுதல் வேண்டும்; கிணற்று நீரும் அமிலமும் ஆகா.

கீழ்க்கரையில் வெயில் குன்றுவது வடகீழ்ப் பருவமழைக் காலத்தில். வாடியில் விளக்கு மிக வேண்டியதும் அப்போதே. 1978 நவம்பர்ச் சூறாவளியும், 2004 டிசம்பர் 26ஆம் நாட் கடற்கோளும் இக்கரையைத் தாக்கியதும் அப்பருவத்திலேதான். தேவை மிகும்போது வரவு குறைகின்றது. ஆகவே மழை நாட்களிற் சிக்கனமாக எரிக்க வேண்டும். ஓய்விலிருக்கும் பற்றரி 12.7 வோல்ற்றுக் காட்டினால் நிறைவு; 12.2 காட்டினால் பாதி. அதற்குக் கீழே இறங்க விடலாகாது. வெயில் திரும்பியதும், முதல் வேலையாகப் பற்றரியின் வயிற்றை நிரப்புதல் வேண்டும். பகலில் அதற்குப் பசியாற்றியவனுக்கே, புயலடிக்கும் இரவில் அது ஒளி தரும்.